மந்தைவெளியை மறந்த மன்றங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்டது. தன் எருமைகளைக் காக்கும் பூசலில் மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் மறவனுக்கு எடுத்த கல் அது. அக்கல்லில் அவனுக்கு அருகே ஒரு நாயும் செதுக்கப் பெற்றிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்து, வீழ்ந்துபட்ட தன் தலைவனைக் காத்து நின்றது என்பதும் அதே கல்லில் எழுத்தாய் நிற்கின்றன.

நாய்க்குப் பெயரிட்டு, அப் பெயரைக் கல்லிலும் பொறித்து வைத்த நாடு இது. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழிந்தன. இன்று இதே நாட்டின் பேரூராட்சி மன்றங்களில் நாயும் மாடும் 'தொல்லை' என்னும் ஒரே தலைப்பின்கீழ்க் கூட்டப் பொருளாக வைக்கப்படுகின்றன. அவற்றை என் செய்வது என்று உறுப்பினர்கள் பேசுகின்றனர். பேச வேண்டியதே. ஆனால் எதைப் பேசுகின்றனர், எதைப் பேசாமல் விடுகின்றனர் என்பதே ஈண்டுக் கருதத் தக்கது.

மன்றங்கள் இதைப் பேசியே தீர வேண்டிய நெருக்கடி மேலிருந்து வந்தது. 2025 ஆகசுட்டு 22-ஆம் நாள் உச்ச நயன்மன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வெறிநோயும் மூர்க்கமும் இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடுக. அவற்றுக்கு உணவிடத் தனியிடம் குறித்துக் கொடுக்க என்றது அவ்வாணை. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் வந்த மற்றோர் ஆணை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றுக, அங்கே அவற்றை மீண்டும் விடற்க என்றது; நெடுஞ்சாலைகளில் திரியும் மாடுகளையும் அப்புறப்படுத்தச் சொன்னது. தில்லித் தெருக்களின் பொருட்டு எழுந்த வழக்கு, தமிழ்நாட்டின் ஏறத்தாழ 490 பேரூராட்சிகளின் வாயிலிலும் வந்து நின்றுவிட்டது.

ஒரு பேரூராட்சி என்றால் என்ன? ஒரு தலைவர், சில உறுப்பினர்கள், ஒரு செயல் அலுவலர், விரல்விட்டு எண்ணத் தக்க எழுத்தர்கள், எப்போதும் ஆள் பற்றாத தூய்மைப் பணியாளர் கூட்டம். ஊரில் கால்நடை மருந்தகம் ஒன்று இருந்தால், அதில் மருத்துவர் ஒருவர். அவருக்குச் சுற்றுச் சிற்றூர்களின் மாடெல்லாம் பொறுப்பு. இந்நிலையில் ஆணை வந்ததும் மன்றத்தார்க்கு எளிதாகத் தோன்றும் வழி ஒன்றுண்டு. சென்னையைப் பார்த்து எழுதுவது! சென்னை மாநகராட்சி 2024-இல் தெருவில் திரியும் மாட்டுக்குரிய தண்டத்தை 10,000 உருபாவாக உயர்த்தியது. 2025-இல் வளர்ப்பு நாய்க்கு உரிமமும், தோலுக்கடியில் செலுத்தும் நுண்சில்லும் வேண்டும் என்றும், உரிமம் பெறாதார்க்கு 5,000 உருபா தண்டம் என்றும் அறிவித்தது. அந்த எண்களைச் சற்றுக் குறைத்துத் தம் முடிபேட்டில் எழுதிக்கொண்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் மன்றங்கள் உள.

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்க்கும், ஊர்ப்புறப் பேரூரில் நாய் வளர்ப்பவர்க்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. அங்கே நாய்க்கு உடையவர் ஒருவர்; கதவுக்குள் கட்டிக் கிடப்பது. இங்கே உள்ள நாய்க்கு அப்படியொரு கதவே இல்லை. காலையில் ஒரு வீட்டுப் பழஞ்சோறு, நண்பகலில் மற்றொரு வீட்டு மீன்முள், இரவில் மூன்றாம் வீட்டுத் திண்ணை. அது தெருநாயும் அன்று. தனியொருவர் நாயும் அன்று. ஊர்நாய். அயலார் இரவில் தெருவுக்குள் நுழைந்தால் குரைப்பது அது. ஆட்டுக்காரர் பின்னே விடியலில் நடப்பதும் அது. சட்டம் விலங்குகளை வளர்ப்பது என்றும் தெருவினது என்றும் இரண்டாகப் பிரித்துப் பார்த்துப் பழகியது. ஊர்நாய் அவ்விரண்டு கட்டத்திலும் அடங்காது.

அந்நாயை முன்னே நிறுத்தி, "இஃது யாருடையது? உரிமம் எங்கே? தண்டம் கட்டு" என்று பேரூராட்சிப் பணியாளர் கேட்டால் என்ன நடக்கும்? நேற்றுவரை அதற்குப் பெயர் சொல்லி அழைத்துச் சோறிட்ட மூன்று வீட்டாரும் ஒரே குரலில், "எங்களுடையது அன்று" என்பர். கூலிக்குப் போகிறவர் வேறெதைச் சொல்வார்? இரண்டு கிழமைக் கூலியை நாயின் பொருட்டுத் தண்டமாய்க் கட்டுவார் என்று எவரேனும் எதிர்பார்க்க முடியுமா? அந்த நொடியில், மூவர்க்குச் சொந்தமாயிருந்த நாய் யார்க்கும் சொந்தமில்லாத நாயாகிவிடுகிறது. இனி அதைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வர ஆளில்லை. குட்டி போட்டால் கேட்பாரில்லை. தெருநாயைக் குறைக்க எழுதிய விதி, தெருநாயைப் பெருக்குகிறது!

மாட்டுக்கும் இதுவே கதி. 1871-ஆம் ஆண்டு வெள்ளையன் செய்த கால்நடை அத்துமீறல் சட்டம், திரியும் மாட்டைக் கொண்டித்தொழுவில் அடைக்கச் சொல்கிறது. (ஊரார் அதைப் 'பவுண்டு' என்றே வழங்கிவிட்டனர், தொழு போனதோடு சொல்லும் போயிற்று.) ஏழு நாளில் உடையவர் வராவிடில் அறிவிப்பு, அதற்குப் பின் மேலும் ஏழு நாளில் வராவிடில் ஏலம். கறக்கும் மாடானால் உடையவர் ஓடோடி வந்து மீட்பார். வற்றிய மாடு, காளைக்கன்று என்றால்? மாட்டின் விலையை நெருங்கும் தண்டமும் தீனிச் செலவும் கேட்டால், அவர் வரவே மாட்டார். சீமைக் கலப்பினத்துக் காளைக்கன்று ஏரிழுக்க உதவாது; உழவையோ இழுவை எந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தக் கன்றைத் தெருவில் விட்டவர் ஊரறியாமல் விடுவார். தண்டம் கூடக்கூட இன்னும் தொலைவான ஊரில் கொண்டுபோய் விடுவார். ஒரு பேரூராட்சியின் தூய்மை, அடுத்த பேரூராட்சியின் தொல்லை.

ஆகத் தண்டம் ஒன்றையே கருவியாகக் கொண்ட விதி, உடையவர் உள்ள விலங்கை உடையவர் இல்லா விலங்காக்கும் விதி. இதை மன்றத்தார் ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராயின், பேச்சின் போக்கே மாறும்.

இதில் விளையாட்டில்லை. வெறிநோய் உயிர் குடிக்கும் நோய். நோயின் குறி தோன்றிவிட்டால் மருந்தில்லை. சில நாளில் சாவு. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் நாய்க்கடி பட்டோர் ஏறத்தாழ 4 இலக்கத்து 80 ஆயிரவர். வெறிநோயால் மாண்டோர் 43 பேர். கடி பட்டவுடன் கடிவாயை வழலைக்கட்டியும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவ வேண்டும். பின்னர் முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்குமுறை ஊசி. ஆழக் கடித்திருந்தால் கடிவாயிலேயே செலுத்தும் எதிர்ப்பு மருந்தும் வேண்டும். அரசு மருத்துவமனையில் இவற்றுக்குப் பணமில்லை. ஆனால் கடிபட்ட சிறுவனை நான்கு முறை அழைத்துச் செல்லும் தாய்க்கு நான்கு நாட் கூலி போகிறதே, அதற்கு யார் ஈடு? மூன்றாம் ஊசியோடு நின்றுவிடுவோர் பலர் எளியவர்களே. நாய் கடிப்பதும் அவர்கள் பிள்ளைகளைத்தான். உந்துவண்டியில் பள்ளிக்குப் போகிற பிள்ளையை நாய் துரத்துவதில்லை.

அதனாலேயே, "கொன்றொழித்தால் என்ன?" என்று கேட்பவர் மீது சினந்து பயனில்லை. கடிபட்ட பிள்ளையைப் பார்த்தவர் கேட்கும் கேள்வி அது. ஆனால் அதற்கு விடை ஏற்கெனவே தமிழ்நாட்டிலேயே கிடைத்துவிட்டது. சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருந்தது. நாய் குறையவில்லை. ஒரு தெருவின் நாய்களை அள்ளிக்கொண்டு போனால் அங்குள்ள குப்பைச்சோறு எஞ்சியிருக்கும். அதை உண்ண அடுத்த தெரு நாய் வரும். நாய் கருச் சுமப்பது ஏறத்தாழ இரண்டே திங்கள்; ஆண்டுக்கு இருமுறைகூட ஈனும். கொல்லும் கை ஓயும்; ஈனும் வயிறு ஓயாது. இதைக் கண்டபின்பே 1996-இல் மாநகராட்சி கொலையைக் கைவிட்டுக் கருத்தடைக்கு மாறியது. ஓர் ஊரின் நாய்களில் 100-க்கு 70-க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அவ்வூரில் வெறிநோயின் தொடர் அறுந்துபோகும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கு. அந்த 70-ஐ எட்டுவதற்கு நாய் யாருடையது என்று சொல்ல ஆள் வேண்டும். தண்டம் விரட்டியடிப்பது அந்த ஆளைத்தான்.

மற்றொரு புறம், தெருமுனையில் நாளும் சோறு கொட்டிவிட்டு, அந்த நாய் அயல்வீட்டுக் கிழவியைக் கடித்தால் தமக்கு அதில் பங்கில்லை என்னும் அருளாளரும் உளர். சோறிடுபவர் ஊசிக்கும் கொண்டுவர வேண்டும். அவர்க்குரிய விதியை எழுத மன்றம் கூச வேண்டியதில்லை.

சரி, கருத்தடை செய்யலாம் என்று ஒரு பேரூராட்சி உளமார முனைந்தால் அதற்கு வழி திறந்திருக்கிறதா? 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, இந்திய விலங்கு நல வாரியத்தின் ஏற்புச் சான்று பெறாமல் எவரும் அப்பணியை நடத்தக் கூடாது. அறுவை அறை, அடைப்புக் கூடங்கள், வண்டி, பயிற்சி பெற்ற மருத்துவர் எல்லாம் வேண்டும். இவ்வாரியம் 1962-இல் அமைக்கப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்னையிலேயே இருந்தது. 2018-இல் அதை அரியானாவுக்குக் கொண்டுபோயினர். இன்று தேனி மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்று தன் ஊர் நாய்க்குக் கருத்தடை செய்யத் தில்லிக்கு அருகிலுள்ள அலுவலகத்தின் சான்றை எதிர்நோக்க வேண்டும். எழுதுவதும் வருவதும் எந்த மொழியில் என்று சொல்லவும் வேண்டுமோ? அறுவைக்கு விதி வேண்டும் என்பதில் மறுப்பில்லை. கூர் மழுங்கிய கத்தியோடு குழிக்குள் நாயறுத்த கொடுமைகள் தொடர்தல் ஆகாது. ஆனால் அச் சான்றைத் தமிழ்நாட்டிலேயே, தமிழிலேயே வழங்குவதற்கு என்ன தடை? மன்றங்கள் இதனை முடிபாக எழுதி மாநில அரசுக்கு விடுத்தால் அஃது ஒரு பணியாகும். ஒரு பேரூராட்சியால் தனித்து இயலாததை அடுத்தடுத்துள்ள ஐந்தாறு பேரூராட்சிகள் கூடிச் செய்யலாம்; ஒரே அறுவைக் கூடம், ஒரே வண்டி, முறைவைத்து ஊர்கள். ஏரி மதகைத் திறப்பதற்கு முறை வைத்து வாழ்ந்தவர்க்கு இது புதிதன்று.

விதியின் சொற்களையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். அறிவிப்புப் பலகைகளில் 'செல்லப்பிராணி' என்று எழுதுகின்றனர். அச் சொல்லை எழுதும் கை, ஆட்டுக்கிடையைச் சுற்றி இரவெல்லாம் விழித்திருக்கும் நாயை நினைந்து எழுதுவதில்லை; மடியில் கிடத்திக் கொஞ்சும் சீமைநாயை நினைந்து எழுதுகிறது. ஆகவே கிடைக்காரர் அப்பலகையைப் படித்தாலும், அது தமக்கன்று என்று கடந்து போகிறார். 'வளர்ப்பு நாய், காவல் நாய், கிடை நாய், ஊர்நாய்' என்று எழுதியிருந்தால் நின்று படிப்பார். தமிழில் எழுதுக என்பது அழகுக்காகச் சொல்வதன்று. விதி யாரைச் சேர வேண்டுமோ அவரைச் சேர்வதற்காகச் சொல்வது.

சீமைநாய் என்றதும் ஒன்று. கோம்பை என்பது தேனி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஒரு நாயினத்தின் பெயரும் அதுவே. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று இந்நாட்டு வெயிலுக்கும் காட்டுக்கும் பழகிய இனங்கள் இருக்கின்றன. இராசபாளைய நாய்க்கு 2005-இல் இந்திய அரசு அஞ்சல் தலையே வெளியிட்டது. இருந்தும், பனிநாட்டு நாயைப் பெரும் விலைக்கு வாங்கிக் கோடையில் அது மூச்சுத் திணறுவதைக் கண்டு, பின் நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டுப் போவோர் உளர். பெருந்தண்டம் போட வேண்டுமானால், விலை கொடுத்து வாங்கிய நாயைக் கைவிடும் அவரைத் தேடிப் போடுக! எவரும் முறையிடமாட்டார்.

இனி மாட்டுக்கு வருவோம். இங்கேதான் மன்றங்களின் கணக்கு வெளிப்படையாகத் தப்புகிறது. மாடு ஏன் தெருவுக்கு வந்தது? அது விரும்பி வந்ததா? ஒவ்வோர் ஊரிலும் மந்தைவெளி இருந்தது. மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. வருவாய்த் துறை ஏடுகளில் இன்றும் அப் பெயர்கள் உள. நிலத்தில்தான் இல்லை. ஓர் ஊரில் மந்தைவெளியில் பேருந்து நிலையம் எழுந்தது. மற்றோர் ஊரில் அரசு அலுவலகம். வேறோர் ஊரில் செல்வாக்குடையவரின் முள்வேலி. சென்னை நகருக்குள் மந்தைவெளி என்றே ஓரிடம் இருக்கிறது. அங்கே பேருந்துப் பணிமனையும் தொடர்வண்டி நிலையமும் உள, மந்தை எங்கே?

இன்னும் கொடியது, மேய்ச்சல் நிலத்தையே குப்பை கொட்டும் இடமாக்கிய ஊர்களின் நிலை. மாட்டுக்கு இடம் மறக்கவில்லை. பாட்டன் மாடு மேய்ந்த அதே இடத்துக்குப் பேரன் மாடும் போகிறது. புல்லுக்கு மாற்றாக ஞெகிழிப் பைக்குள் கட்டி எறிந்த எச்சிற்சோற்றைப் பையோடு விழுங்குகிறது. அது செரிப்பதில்லை, முதல் இரைப்பையில் கட்டிகட்டியாய்த் தங்கி மாட்டை அணுவணுவாய்க் கொல்கிறது. இக்குப்பையைக் கொட்டியது யார்? பேரூராட்சி. மேய்க்காலை விட்டுக்கொடுத்தது யார்? பெரும்பாலும் அதே மன்றத்தின் பழைய முடிபுகள். தண்டம் கட்ட வேண்டியவர் மட்டும் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் கைம்பெண்!

புல் இருக்கும் இடத்தில் மாடு எப்படி இருக்கிறது என்பதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. காங்கேய நாட்டில் கொரங்காடு என்னும் மேய்ச்சற்காடு உண்டு. கிளுவையால் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஊடூடே வெள்வேல் மரம். மழை குறைந்த அம்மண்ணில் காங்கேய மாடு அழியாது நிற்பதற்கு அக்காடும் ஒரு கரணியம். வேலிக்குள் புல் மேயும் மாட்டுக்குத் தெருவில் என்ன வேலை? உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் மாடுகளும் அவ்வவற்றின் மேய்ச்சலோடு வாழ்ந்தவையே. புலிக்குளத்து மாட்டுக் கிடைகள் அறுவடை முடிந்த வயல்களில் தங்கி, எருவைத் தந்து, ஊர் கடந்து போகும். நெருக்கிக் கட்டிய மனைகளும், நடுவே தடுப்புச் சுவர் எழுப்பிய நான்குவழிச் சாலைகளும் அக்கிடைகளின் வழியை அறுத்துவிட்டன. கிடை சாலையைக் கடந்தால், அதற்குப் பெயர் 'திரியும் கால்நடை'.

மேய்க்காலை மீட்பது நடவாத செயல் என்று செயல் அலுவலர்கள் கை விரிக்கலாம். 2011 சனவரி 28-ஆம் நாள் உச்ச நயன்மன்றம் ஒரு பஞ்சாப் வழக்கில், ஊர்ப் பொதுநிலங்களைக் கைப்பற்றியவர்களை வெளியேற்றி அவற்றை ஊர்க்கே திருப்ப மாநிலங்கள் எல்லாம் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மாட்டைச் சாலையிலிருந்து அகற்றுக என்னும் 2025-ஆம் ஆண்டு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு விரையும் மன்றங்கள், 2011-ஆம் ஆண்டு ஆணையையும் அதே கையில் எடுத்துக்கொள்ளட்டும். ஒன்று மாட்டுக்காரர் மேல் பாய்கிறது. மற்றொன்று நிலம் கவர்ந்தவர் மேல் பாய வேண்டும். முன்னதற்கு மட்டும் ஆள் அனுப்புவது என்ன முறை?

எல்லா நிலத்தையும் மீட்க முடியாது என்பதும் உண்மையே. பேருந்து நிலையத்தை இடித்துப் புல் வளர்க்க எவரும் சொல்லவில்லை. எஞ்சிய நான்கு குறுக்கமாயினும் வேலி கட்டி, கிணற்று நீர் பாய்ச்சித் தீவனப்புல் வளர்த்தால், மாடுடையோர் ஒரு சிறு கட்டணத்துக்குப் பகலில் மாட்டை அங்கே விட ஒப்புவர். அந்த ஏற்பாடு செய்தபின் தெருவில் மாடு கண்டால் தண்டம் வாங்கட்டும். அன்று அதை எதிர்க்க வாயில்லை. நாய்க்கும் அப்படியே. பதிவுக்குக் கட்டணம் கேளாமல், சந்தை நாளில் சந்தைத் திடலிலேயே தடுப்பூசி போட்டு, கழுத்தில் ஒரு பட்டையும் கட்டி, சோறிடும் வீட்டாரின் பெயரை ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஊர்நாய்க்கு மூன்று வீடு என்றால் மூன்று பெயரும் எழுதட்டும். இறைச்சிக் கடைக் கழிவை அன்றன்றே எடுக்கட்டும். தெருமுனையில் நாய்க் கூட்டத்தை வளர்ப்பது அந்தக் குவியலே.

இவற்றுக்கெல்லாம் முன்பாக மன்றம் செய்யத் தக்க செயல் ஒன்று உண்டு. அதற்கு அரியானாச் சான்றும் வேண்டா, நிதி ஒதுக்கீடும் வேண்டா. அடுத்த கூட்டத்தில் தண்டப் பட்டியலை மேசைமேல் வைக்கும்போது, வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும் அதனருகே வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதில் 'மந்தைவெளி', 'மேய்க்கால்' என்று எழுதியுள்ள அளவை எண்களை ஒவ்வொன்றாய் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் இன்று அங்கே என்ன இருக்கிறது, யாருடைய வேலி நிற்கிறது என்று உறுப்பினர்கள் எழுந்து சொல்லட்டும். தெரியாமலா இருக்கும்? எல்லாரும் அவ்வூரிலேயே பிறந்தவர்கள்.